புளியமரம் போனது, பெயர்ப்பலகையும் போகட்டும்

சென்னையிலிருந்து தெற்கே கிளம்புகிறவர்கள் எல்லோர் கையிலும் இன்று கேமரா இருக்கிறது. மதுராந்தகம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி ஒரு படம், மரக்காணம் உப்பளத்தில் ஒன்று, கொள்ளிடம் பாலத்தில் பொழுது சாயும்போது ஒன்று. அதன் கீழே 'மறைந்துவரும் கிராமத்து அழகு' என்று ஒரு வரி எழுதி நண்பர்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஏரி அழகுதான், கொள்ளிடமும் அழகுதான். அந்தப் படங்களை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. எல்லாமே பெரிய சாலையில் நின்றபடி எடுத்தவை. சாலையிலிருந்து பிரிந்து ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே போகும் சிமெண்ட் ரோட்டுப் பக்கம் ஒரு படம்கூடத் திரும்பவில்லை.

அந்த ரோட்டின் முனையில்தான் நம் தெருக்கள் இருக்கின்றன.

தை மாதம் தொடங்கிப் பங்குனி வரை, விடுமுறை நாட்களில் இரண்டு மோட்டார் சைக்கிள்களில் நான்கு பேராகப் போய்வந்தோம். செங்கல்பட்டில் தொடங்கி மதுராந்தகம், திண்டிவனம், மரக்காணம், கடலூர், சிதம்பரம், சீர்காழி, நாகை, வேதாரண்யம். ஒரே மூச்சில் போன பயணமல்ல, விட்ட இடத்தில் மறுவாரம் தொடர்ந்தது. வைத்துக்கொண்ட நிபந்தனை ஒன்றுதான். பெரிய சாலையில் 10 படம் எடுத்தால், கிளை ரோட்டுக்குள் போய் 10 படம் எடுக்க வேண்டும்.

சாலையும் நமக்குச் சும்மா கிடைத்ததில்லை

இந்தச் சாலையில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு நாம் போவதற்கே ஒரு வரலாறு இருக்கிறது. மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம் ஆகியவற்றை ஒடுக்கப்பட்டோர் உட்பட எல்லோரும் பயன்படுத்தலாம் என்று 1924ஆம் ஆண்டு சென்னை சட்டசபையில் அவர் தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் நிறைவேறி அரசாணையும் வந்தது. நடந்து போக ஓர் அரசாணை தேவைப்பட்ட மக்கள் நாம் என்பதை மாணவர்கள் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

அம்பேத்கரும் ஒருமுறை சுற்றிப்பார்க்கத்தான் போனார். 1934இல் நண்பர்களோடு எல்லோரா போகும் வழியில் தவுலதாபாத் கோட்டையில் இறங்கினார்கள். பயணத் தூசி போக அங்கிருந்த குளத்தில் கை, கால் கழுவியதற்காகக் கூட்டம் கூடி அவர்களைச் சூழ்ந்துகொண்டது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் நினைவுக் குறிப்பில் அதை அவர் எழுதியிருக்கிறார்.

இன்று யாரும் சாலையில் மறிப்பதில்லை. கேள்விதான் கேட்கிறார்கள். டீக்கடையில் கேமராவைப் பார்த்தவுடன் "தம்பி எந்த ஊரு?" என்பார்கள். ஊரைச் சொன்னால் "அந்த ஊர்ல எந்தப் பக்கம்?" என்பது அடுத்த கேள்வி. அந்த 'எந்தப் பக்கம்' எதற்கு என்பது கேட்பவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். எங்களில் ஒருவர் "கிழக்குப் பக்கம்தாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார். அதற்குப் பிறகு படம் எடுக்கச் சிலர் விடுவார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

புளியமரத்து நிழல்

சாலை அகலமாகும் இடங்களில் முதலில் விழுவது புளியமரம். அடிமரத்தில் வெள்ளைப் பட்டையும் எண்ணும் போட்டு, நெடுஞ்சாலைத் துறை வருஷா வருஷம் காய்க்கு ஏலம் விட்டு வந்த மரங்கள். வயது முதிர்ந்த ஒரு மரத்தின் நிழலில் பேருந்துக்குக் காத்திருக்கலாம், கூலி வேலைக்குப் போகிறவர்கள் கூடி நிற்கலாம், இளநீர் வண்டி நிற்கும், பஞ்சர் கடையும் இருக்கும். செருப்புத் தைக்கிற பெரியவர் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார்.

மரத்தைப் படமெடுப்பவர்கள் நிறையப் பேர். அவரைப் படமெடுத்தவர் குறைவு. சாலை விரிவாக்கத்துக்கு நிலம் எடுத்தால் பட்டா வைத்திருப்பவருக்கு இழப்பீடு வருகிறது. நிழலில் 20 வருஷம் உட்கார்ந்தவரிடம் பட்டா இல்லை, வாடகை ரசீது இல்லை, மின்கட்டண அட்டைகூட இல்லை. எடுக்கப்படும் நிலத்தில் 3 ஆண்டுகளாக வேலை செய்து பிழைத்துவந்த விவசாயக் கூலிகள், குத்தகைதாரர்கள், கைவினைஞர்கள் ஆகியோரையும் 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் பாதிக்கப்பட்ட குடும்பங்களாகவே கணக்கில் எடுக்கச் சொல்கிறது. சாலைப் புறம்போக்கில் உட்கார்ந்தவர் வரை அந்தச் சட்டத்தின் கை நீளுவது அரிது. நீண்டாலும், "இங்கேதான் இருந்தேன்" என்று காட்ட அவரிடம் என்ன இருக்கிறது? யாராவது எப்போதாவது எடுத்த ஒரு படம் இருந்தால் உண்டு.

கடலூர் மாவட்டத்தில் ஒரு சாலைச் சந்திப்பில் அப்படி ஒருவரைப் பார்த்தோம். மரம் வெட்டப்பட்டு, வேர்க்குழியும் மூடப்பட்டுவிட்டது. அவர் அதே இடத்தில் ஒரு பழைய பிளக்ஸைக் கம்பில் கட்டி நிழலாக்கி உட்கார்ந்திருந்தார். கட்சிக்காரர் ஒருவரின் பிறந்தநாள் பிளக்ஸ் அது. "மரம் இருந்தா மரத்தடி செருப்புக்கடன்னு சொல்வாங்க. இப்ப எந்த எடம்னு சொல்லி அனுப்புறது?" என்றார். மரத்தோடு அவருடைய முகவரியும் போயிருந்தது.

மறையட்டும், நல்லதுதான்

ஆனால் மறைவதையெல்லாம் நினைத்து அழ நாங்கள் தயாராக இல்லை. நெடும்பயணம் போய்ப் படமெடுப்பவர்களிடமிருந்து நாங்கள் விலகும் இடம் இதுதான்.

கூரை வீடு என்றால் அவர்களுக்குப் பிடிக்கும். மண்சுவர், பனையோலைக் கூரை, மாலை வெயில், வாசலில் கோழி. படம் நன்றாகத்தான் வரும். நாகையிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் உள்ளே இருக்க, கொளுத்தப்பட்டது ஒரு கூரைக் குடிசைதான். கூலியாகக் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்டதன் முடிவு அது. கூரை வீடு எங்கள் ஆட்களுக்கு என்னவாக இருந்தது என்பதை அங்கே போய் நின்றால் தெரிந்துகொள்ளலாம். தளம் போட்ட வீட்டின் முன்னால், பூசாத செங்கல் சுவரில் சாய்ந்து நின்று "இத எடு தம்பி" என்று சொன்ன பெண்களை இந்தப் பயணத்தில் எத்தனையோ பேர் பார்த்தோம். அந்தப் பூசாத சுவர் எங்களுக்கு அழகாகத்தான் தெரிந்தது.

டீக்கடை இன்னொன்று. இரட்டைக் குவளையைப் படமெடுக்க வேண்டும் என்று கல்லூரி மாணவர்கள் எங்களிடம் வழி கேட்பதுண்டு. பல கடைகளில் இன்று தனிக் குவளை இல்லை. பேப்பர் கப் வந்துவிட்டது. குவளையை ஒழித்தது மனமாற்றமா, கழுவும் வேலை மிச்சமா என்று எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது. ஒரு கடையில் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் கையில் கண்ணாடி கிளாஸும், வெளியே நின்றவர்கள் கையில் பேப்பர் கப்பும் இருந்தன. ஒரு படம் எடுத்தோம். பார்ப்பவர்களுக்கு அது சாதாரண டீக்கடைப் படம்தான். யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு வேறு படம்.

பிறகு பெயர்ப்பலகை. கிளை ரோடு பிரியும் இடத்தில் நட்டிருக்கும் பச்சைப் பலகையில், மஞ்சள் கல்லில், ஊர்ப் பெயரோடு 'காலனி' என்று ஒட்டியிருக்கும். அந்தச் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். பலகைகள் ஒவ்வொன்றாக மாறும், மாற வேண்டும். மாறுவதற்கு முன் அவற்றைப் படமெடுத்து வைக்கிறோம். அந்தப் பெயர் மேல் எங்களுக்குப் பாசம் எதுவும் இல்லை. இப்படி ஒரு பலகை இருந்ததா என்று நாளை யாரும் கேட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். மதுரை மாவட்டம் உத்தப்புரத்துச் சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதம் இடிக்கப்பட்டது. அந்தச் சுவரின் படங்கள் இல்லாதிருந்தால், அது வெறும் மதில்தான் என்று சொல்ல ஆள் இருந்திருக்கும்.

வேதாரண்யம் வரை வழியெங்கும் அம்பேத்கர் நிற்கிறார், பல இடங்களில் கூண்டுக்குள். 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் அவர் சிலை பட்டப்பகலில் உடைக்கப்பட்டதும், மறுநாளே அரசு புதுச்சிலை வைத்ததும் பலருக்கு நினைவிருக்கும். கம்பி இடுக்கில் போனை நுழைத்தால் அவர் முகம் மட்டும் தெளிவாக வரும், கூண்டு வராது. இரண்டு அடி பின்னால் வந்தால் கம்பி குறுக்கே விழும். நாங்கள் இரண்டு விதமாகவும் எடுத்தோம். வீட்டில் மாட்ட முதலாவது, பத்திரிகைக்கு இரண்டாவது.

மறையக் கூடாதவை

வேறு சில மறைவதைத்தான் நாம் விடக் கூடாது. பஞ்சமி நிலம், சுடுகாட்டுப் பாதை, நம் பக்கத்துக் குளம், குளத்துக்கு வரும் வாய்க்கால். இவை ஒரே நாளில் போவதில்லை. முதலில் ஓரத்தில் ஒரு வேலி வரும். அடுத்த வருஷம் தைல மரம். பிறகு மனைப்பிரிவு வளைவும் கொடியும். அதற்குள் பழைய ஆட்கள் இறந்துவிடுவார்கள். "இங்கே பாதையே இருந்ததில்லை" என்ற பேச்சு அப்போது வரும்.

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்கீர் கொடுத்த அறிக்கையின் பேரில் 1892இல் அரசாணை வந்தது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. முதல் 10 ஆண்டுகள் விற்கக் கூடாது, அதன் பிறகும் நம்மவர்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. நிலம் எங்கே போனது என்று கேட்ட காரணை போராட்டத்தில், 1994 அக்டோபர் 10ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். மாமல்லபுரத்துக்கு அழகான சாலைப் பயணம் போகிறவர்கள் அந்த வட்டாரத்தைத்தான் கடந்து போகிறார்கள்.

படம் என்ன செய்யும் என்பதற்கு வாணியம்பாடியைச் சொல்லலாம். 2019 ஆகஸ்டில், சுடுகாட்டுக்குப் போகும் வழி அடைபட்டதால், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஒரு பிணத்தைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். போனில் எடுத்த அந்தக் காட்சி நாடெங்கும் போனது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. மனு எழுதிக் காலம் கடந்த எத்தனையோ ஊர்களின் கதையை அந்தச் சில நிமிடக் காட்சி பேசியது. சுடுகாட்டையும் பாதையையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

வேலி வருவதற்கு முன்பே எடுத்த படம் இன்னும் பலமானது. ஊரில் இருக்கும் மாணவர்களுக்கு இது முடியும். வருஷத்துக்கு இரண்டு தடவை, மழைக்கு முன் ஒன்று, பொங்கல் கழித்து ஒன்று, அதே இடத்தில் நின்று அதே பக்கம் பார்த்து எடுங்கள். சர்வே கல், மின்கம்பத்து எண், கோயில், தண்ணீர்த் தொட்டி என்று நகராத ஒன்று படத்துக்குள் இருக்கட்டும். போனில் இடம் பதியும் வசதியைப் போட்டுவிட்டால் நாளும் நேரமும் இடமும் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரங்கள் அழிந்துபோகும். 'டாகுமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அப்படியே போகும். வழக்கு என்று வந்தால் மின்னணுப் பதிவுக்கு, பாரதிய சாட்சிய சட்டம் 2023இன் 63ஆம் பிரிவுப்படி சான்று கேட்பார்கள். அதனால் படம் எடுத்த போனையும் மூலப் படத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள். சர்வே எண் தெரிந்தால் 'அ' பதிவேட்டை அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம். படத்தோடு அந்தத் தாளையும் சேர்த்து வைப்பது நல்லது. தகராறு முற்றிய இடத்துக்கு மட்டும் தனியாகப் போகாதீர்கள்.

கறுப்பு முகம், வெள்ளை உப்பு

கேமரா நம் பக்கம் முதலில் திரும்பியது நல்ல நோக்கத்தோடு அல்ல. 1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமாக இருந்தவர்களைக் குடும்பம் குடும்பமாக உட்காரவைத்துப் படமெடுத்தார். அவர்கள் யார், எந்த ஊர், பிறகு பிழைத்தார்களா என்பது படத்தில் இல்லை. பின்னாளில் பர்மாவில் மரண தண்டனைக் காட்சியைப் படமெடுத்ததற்காக அதே ஹூப்பர் விசாரணையைச் சந்திக்க நேர்ந்தது. சாலையோரம் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, நாற்று நடும் பெண்களைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போது எங்களுக்கு அவர் நினைவுதான் வருகிறது. கேட்டுவிட்டு எடுத்தால் என்ன? நடவு செய்யும் பெண் நிமிர்ந்து பார்ப்பாள், சேலையைச் சரிசெய்வாள், 'இயல்பான' படம் கிடைக்காது என்பார்கள். நிமிர்ந்து பார்ப்பதும் அவளுடைய இயல்புதானே.

நிறமும் ஒரு விஷயம். பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை வைத்துத்தான் கடைகளில் வண்ணத்தைச் சரிபார்க்கச் சொன்னது. கறுப்புத் தோலின் நயம் அந்தப் பிலிமில் சரியாகப் பதியவில்லை. சாக்லேட்டும் மரச்சாமானும் விற்பவர்கள் தங்கள் பொருளின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று முறையிட்ட பிறகுதான் அது மாறத் தொடங்கியதாம். மனிதர்களுக்காக மாறவில்லை! இன்றைய போன்கள் கேட்காமலே முகத்தை வெளுக்கின்றன. அந்த அழகூட்டும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். வானத்தைப் பின்னால் வைத்து எடுத்தால் முகம் கரியாகிவிடும். திரையில் முகத்தின் மேல் விரலை வைத்தால் வெளிச்சத்தை முகத்துக்கு ஏற்றபடி போன் மாற்றிக்கொள்ளும். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 4.30க்குப் பின்னும் கறுப்பு முகம் பொன் போல வரும்.

இதையெல்லாம் நமக்கு முன்னால் செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள். மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்த தாயின் மகன் மதுரை பழனிக்குமார். 2017இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர், கையால் மலம் அள்ளும் தொழிலாளர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து படமெடுத்து வருகிறார். வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் ஊர் ஊராகச் சுற்றியவர். கொரோனா காலத்தில் ஊர் திரும்பி, தன் வீட்டையும் தன் குடும்பத்தையும் படமெடுத்தார். தலித் வீடு என்றால் ஒப்பாரி மட்டுமே என்று நினைப்பவர்கள் அந்தப் படங்களில் குழந்தைகள் தண்ணீரில் ஆடுவதைப் பார்க்க வேண்டும்.

மரக்காணத்தில் நாங்கள் நின்றது பங்குனி வெயிலில். பாத்தி பாத்தியாக உப்பு பூத்திருந்தது. வெள்ளை கண்ணைக் கூச, கேமராவும் ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும், வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் எடுக்க வேண்டும். பலகையால் உப்பை வரப்போரம் இழுத்துக்கொண்டிருந்த ஓர் ஆயா, கேட்டதும் சரி என்றார், ஆனால் சிரிக்கவில்லை. "படம் புடிச்சிக்கினு போறவன் எவனும் திரும்பி வந்ததில்ல" என்றார். இரண்டு வாரம் கழித்துப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனோம். பையில் மொத்தம் 26 படங்கள், 19 பேருக்கு. ஆயா தன் படத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். தலையில் சுற்றிய துணியும் உப்பு காய்ந்த கையுமாக இருந்த படம். எங்களுக்கு மிகவும் பிடித்த படம் அது.

"இது வேலை செய்யற ஆளு. என்ன எங்க?" என்றார். "ஞாயித்துக்கிழம வூட்டாண்ட வா தம்பி. நல்ல பொடவ கட்டிக்கினு நிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை போனோம். கத்தரிப்பூ நிறத்தில் சேலை கட்டி, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வாசலில் நாற்காலி போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். கேமராவை எங்களிடமிருந்து வாங்கிக்கொண்டவள் 10ஆம் வகுப்புப் படிக்கும் பேத்தி. "தள்ளி நில்லுங்கண்ணா, நெழல் விழுது" என்று எங்களை ஓரம்கட்டிவிட்டு அவளே எடுத்தாள்.